குழந்தைகளின் கிரேனியோஃபேரிஞ்சியோமா: கட்டியை முழுவதும் எடுத்தே ஆக வேண்டுமா?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அக்கா மகனுக்கு 9 வயது. ஓராண்டாக விட்டு விட்டுத் தலைவலி, சில மாதங்களாகப் பார்வை மங்கல். ஸ்கேன் எடுத்ததில், மூளையின் அடியிலிருந்து ஹார்மோன்களைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலே நீர்ப்பையும் சுண்ணாம்புப் படிவும் கலந்த கட்டி இருப்பது தெரிந்து, கிரேனியோஃபேரிஞ்சியோமா என்று சொல்லியிருக்கிறார்கள். கேன்சர் இல்லை, சாதாரணக் கட்டிதான் என்று எல்லா மருத்துவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் ஒருவர் முழுவதும் எடுத்துவிடலாம் என்கிறார். மற்றொருவர் ஒரு பகுதியை விட்டுவிட்டு, அதற்குக் கதிர்வீச்சு கொடுக்கலாம் என்கிறார். சாதாரணக் கட்டி என்றால் முழுவதும் எடுப்பதில் என்ன தயக்கம், யார் பேச்சைக் கேட்பது, எங்கே போவது, நம் பகுதித் தண்ணீரால் வந்ததா என்பவை அவருடைய கேள்விகள்.

படங்களைப் பார்க்காமல் அந்தக் குழந்தைக்கு இன்னதுதான் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் முடிவெடுக்கும் வழியைச் சொல்ல முடியும். கட்டியில் எவ்வளவு எடுக்கப்படும் என்பதை விட, பசி, தாகம், உறக்கம் ஆகியவற்றோடு தொடர்புடைய ஹைபோதலாமஸ் என்ற மூளைப்பகுதி எவ்வளவு மிஞ்சும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. கட்டி ஹைபோதலாமஸுக்குள் ஏறியிருந்தால், கொஞ்சம் விட்டுவைக்கலாம் என்று சொல்லும் மருத்துவர் பக்கம்தான் நான் நிற்பேன். நான் ஹார்மோன் மருத்துவன். எங்களிடம் இந்தக் குழந்தைகள் வந்து சேர்வது அறுவைக்குப் பிந்தைய ஆண்டுகளில் என்பதால் என் பார்வை சற்று ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கரு உருவாகும் முதல் வாரங்களில், வாயின் மேல்பகுதியிலிருந்து ஒரு சிறு பை மேல்நோக்கிச் சென்று பிட்யூட்டரியின் முன்பகுதியாக மாறுகிறது. ராத்கே பை என்று அதற்குப் பெயர். அது போன வழியில் தங்கிவிட்ட சில செல்களிலிருந்து இந்தக் கட்டி பிறக்கிறது. 1904இல் வியன்னாவைச் சேர்ந்த யாக்கோப் எர்ட்ஹைம் இதை விளக்கினார். இன்றைய பெயரைப் பரவலாக்கியவர் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், 1932இல். குழந்தைகளுக்கு வரும் வகையில் செல்களின் அமைப்பு பல்லின் எனாமலை உருவாக்கும் திசுவை ஒத்திருக்கும், சி.டி. ஸ்கேனில் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்குச் சுண்ணாம்புப் படிவு தெரியும். நீர்ப்பைக்குள் கொழுப்புப் படிகங்கள் மிதக்கும் பழுப்பு நிறத் திரவம் இருக்கும். பீட்டா கேட்டனின் என்ற புரதத்துக்கான மரபணுவில், கட்டியின் செல்களில் மட்டும் ஏற்படும் மாற்றமே இதற்கு அடிப்படை. அது பெற்றோரிடமிருந்து வருவதில்லை. ஆகவே உடன்பிறந்த குழந்தைகளுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை.

தண்ணீரைப் பற்றிய கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி என்பதும், அதனால் பல்லில் கறையும் எலும்பில் கோளாறும் வருகின்றன என்பதும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது என்பதும் உண்மை. ஆனால் இந்தக் கட்டியின் விதை குழந்தை பிறக்கும் முன்பே விழுந்துவிடுகிறது. போர்வெல் தண்ணீரோ, கர்ப்ப காலத்தில் தாய் சாப்பிட்ட எதுவுமோ, கிரகணத்தில் வெளியே வந்ததோ இதற்குக் காரணம் அல்ல. அந்தத் தாயிடம் இதை யாராவது பெரியவர் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. நம் ஊர்களில் குழந்தைக்கு எது வந்தாலும் பழி முதலில் அவள் மேல்தான் விழுகிறது.

இது எவ்வளவு அரிது என்றால், 10 லட்சம் பேரில் ஆண்டுக்கு அரை முதல் இரண்டு பேர் வரை மட்டுமே புதிதாக இந்நோய்க்கு ஆளாகிறார்கள். அவர்களிலும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையே குழந்தைகள். 2011 கணக்கெடுப்பின்படி நம் இரு மாவட்டங்களிலும் சேர்ந்து சுமார் 34 லட்சம் பேர் என்பதால், ஆண்டுக்கு ஓரிரு குழந்தைகள், கூடினால் மூன்று என்று எதிர்பார்க்கலாம். ஊரில் முப்பது ஆண்டுகள் நோயாளிகளைப் பார்த்த நல்ல மருத்துவர்கூட இதை ஒருமுறையும் கண்டிராமல் இருப்பது இயல்பு. கண்டறியத் தாமதமானதற்காக யாரையும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை என்று நான் நினைக்கிறேன். ஆயினும் தாமதத்துக்குக் காரணமாகும் அறிகுறிகளைப் பிற பெற்றோருக்காக இங்கே சொல்லிவைக்கிறேன். ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் குழந்தை ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. வளர வேண்டும், 4 செ.மீ.க்கும் குறைந்தால் காரணம் தேட வேண்டும். கிரேனியோஃபேரிஞ்சியோமா உள்ள பல குழந்தைகளில் தலைவலி தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே வளர்ச்சி தேங்கிவிடுகிறது. குள்ளம் எங்கள் குடும்ப வாகு என்று அதை விட்டுவிடுகிறோம். இரவில் பலமுறை எழுந்து தண்ணீர் குடிப்பதும் சிறுநீர் கழிப்பதும் சித்திரை வெயிலின் கணக்கில் போய்விடுகிறது. பக்கவாட்டில் வருவது தெரியாமல் குழந்தை கதவிலும் ஆளிலும் இடித்துக்கொள்வதைத் துடுக்குத்தனம் என்று திட்டுகிறோம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு ஒவ்வோர் ஆண்டும் எழுதிச் செல்லும் உயரத்தை வரிசையாக வைத்துப் பார்த்தாலே சில குழந்தைகளை முன்கூட்டிப் பிடித்துவிடலாம்.

இனி மையக் கேள்விக்கு வருவோம். சாதாரணக் கட்டி என்பது செல்லின் குணத்தைப் பற்றிய பேச்சு. உலக சுகாதார அமைப்பின் வகைப்பாட்டில் இது முதல் நிலைக் கட்டி. பிற உறுப்புகளுக்குப் பரவும் குணம் இல்லாதது. ஆனால் அது உட்கார்ந்திருக்கும் இடம் சாதாரண இடம் அல்ல. கீழே பிட்யூட்டரி, முன்னால் இரு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடம், இரு பக்கமும் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனிகள், மேலே பசி, தாகம், உறக்கம், உடல் வெப்பம், நினைவு ஆகியவற்றோடு தொடர்புடைய ஹைபோதலாமஸ், அதற்கும் மேலே மூளைநீர் ஓடும் மூன்றாம் அறை. கட்டி அந்த அறையை அடைத்தால் நீர் தேங்கித் தலைக்குள் அழுத்தம் ஏறும். இவற்றில் பிட்யூட்டரியின் வேலையை மருந்தால் ஈடு செய்யலாம். ஹைபோதலாமஸின் வேலையை ஈடு செய்ய மருந்து கிடையாது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மருத்துவர்களுக்கிடையிலான கருத்து வேறுபாடு முழுவதும் கிளைக்கிறது.

குழந்தைகளின் கட்டி சுற்றியுள்ள திசுவுக்குள் விரல் விரலாக நுழைந்து ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. பானையின் அடியில் பிடித்துப்போன களியைச் சுரண்டினால் பானையின் மண்ணும் சேர்ந்து வருவதைப் போல, ஹைபோதலாமஸில் ஒட்டிய பகுதியை இழுத்தால் ஹைபோதலாமஸும் சேர்ந்து வரும். நுண்ணோக்கி அறுவை வளர்ந்த காலத்தில் முழுவதும் எடுப்பதே இலக்காக இருந்தது. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய, நுண்ணோக்கி அறுவையில் பெரும் திறனாளரான யாசர்கில் 1990இல் 144 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டபோது அந்த அணுகுமுறைக்கு மிகுந்த மதிப்பு கிடைத்தது. அவர் கை யாசர்கிலின் கை என்பதை மறந்துவிடக் கூடாது. பின்னர், அவ்வாறு அறுவை செய்யப்பட்ட குழந்தைகள் பலர் உயிரோடும் கட்டியின்றியும் இருந்தாலும், அடங்காத பசி, கட்டுக்கடங்காத உடல் பருமன், பகலில் தூக்கம், நினைவுக் குறைவு ஆகியவற்றோடு வாழ்வது தெளிவாயிற்று. 2007இல் பாரிஸின் நெக்கர் குழந்தைகள் மருத்துவமனைக் குழுவினர், எம்.ஆர்.ஐ. படத்தில் ஹைபோதலாமஸின் நிலையைப் பார்த்துக் கட்டிகளை மூன்று படிகளாகப் பிரித்தார்கள். ஹைபோதலாமஸைத் தொடாதது சுழியப் படி. அதைத் தள்ளியிருப்பது முதல் படி. அது எங்கே என்றே அடையாளம் தெரியாதபடி உள்ளே புகுந்தது இரண்டாம் படி. இரண்டாம் படியில் முழு நீக்கத்தை முயலாமல் ஹைபோதலாமஸை விட்டுவைத்து அறுவை செய்தபோது கடுமையான உடல் பருமன் வெகுவாகக் குறைந்தது. எனவே உங்கள் அக்கா மகனின் கட்டி எந்தப் படி என்று அறுவை மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். சுழியப் படி என்றால் முழுவதும் எடுக்கலாம் என்றவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். இரண்டாம் படி என்று தெரிந்தும் முழு நீக்கத்தை உறுதி கூறுபவரிடம் நான் என் வீட்டுக் குழந்தையை அனுப்ப மாட்டேன்.

மீதி விடப்படும் கட்டி வளராதா என்றால், எதுவும் செய்யாமல் விட்டால் பெரும்பாலும் வளரும். அதனால்தான் கதிர்வீச்சு. வழக்கமாக 54 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவை) அளவு, ஒரு நாளைக்கு 1.8 கிரே வீதம் 30 அமர்வுகளாக, ஆறு வாரம் கொடுக்கப்படுகிறது. மிகச் சிறு குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியை எண்ணி முடிந்தவரை தள்ளிப்போடுவார்கள். 9 வயதில் அந்தத் தடை பெரிதல்ல. 2023இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அளவான அறுவையோடு புரோட்டான் கதிர்வீச்சு பெற்ற குழந்தைகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு ஐந்தாண்டுகளில் கட்டி மீண்டும் வளரவில்லை. எக்ஸ்-கதிர்களைக் கொண்டு கொடுக்கும் வழக்கமான ஃபோட்டான் கதிர்வீச்சிலும் கட்டி அடங்கும் அளவு ஏறத்தாழ அதேதான். அறிவுத்திறன் காக்கப்படுவதில் மட்டும் புரோட்டான் மேலாக இருந்தது. சென்னையில் தனியார் புரோட்டான் மையம் ஒன்று 2019 முதல் இயங்குகிறது. ஆனால் செலவு மிகப் பெரியது. நிலத்தை விற்றுத்தான் அங்கே போக வேண்டும் என்ற நிலையில் இருக்கும் குடும்பத்திடம், நல்ல ஃபோட்டான் கதிர்வீச்சு பெற்றாலே கட்டி அடங்குகிறது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

கட்டியில் பெரும்பகுதி ஒரே நீர்ப்பையாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. மெல்லிய குழாய் ஒன்றைப் பைக்குள் வைத்து, அதன் மறுமுனையைத் தலைத்தோலின் அடியில் ஒரு சிறு குமிழோடு இணைத்துவிடுவார்கள். திரவம் சேரும்போது ஊசியால் குமிழிலிருந்து இழுத்து அழுத்தத்தைக் குறைக்கலாம். சில மையங்களில் அதன் வழியே இன்டர்ஃபெரான் மருந்தும் செலுத்துகிறார்கள். இது கட்டியை ஒழிக்கும் வழி அல்ல. பார்வையைக் காப்பாற்றவும், கதிர்வீச்சைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடவும் உதவும் வழி.

அறுவை எந்த வழியில் என்பது அடுத்தது. மண்டையோட்டில் ஒரு பகுதியைத் திறந்து முன்புறமாகவோ பக்கவாட்டிலோ செல்வது பழைய, இன்றும் பல குழந்தைகளுக்குத் தேவையான வழி. மூக்கின் வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, பிட்யூட்டரிக்குக் கீழுள்ள எலும்பைத் திறந்து கட்டியைக் கீழிருந்து அணுகுவது மற்றொன்று. நடுக்கோட்டில், பார்வை நரம்புக் குறுக்குக்குப் பின்னும் கீழும் இருக்கும் கட்டிக்கு மூக்கு வழி மிக நல்லது. கண் நரம்பைத் தொட்டு நகர்த்த வேண்டிய தேவை குறைகிறது. பக்கவாட்டில் வெகுதூரம் பரவிய கட்டிக்கு அது ஏற்றதல்ல. சிறு குழந்தைகளின் மூக்குத் துளை குறுகியது; எலும்பிலுள்ள காற்றறையும் முழுதாக உருவாகியிருக்காது. முடிந்ததும் மூக்கின் உள்தோலை மடக்கி ஓட்டையை மூடுவார்கள். அப்படியும் சிலருக்கு மூளைநீர் கசியலாம். வீட்டுக்கு வந்தபின் குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால் அதைச் சளி என்று எண்ணி ஆவி பிடிக்க வைக்காதீர்கள். மூளை உறையில் தொற்று ஏற்படும் வழி அது. உடனே அறுவை செய்த இடத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

எந்த வழியாக இருந்தாலும், கத்தி வைப்பதற்கு முன்பு கண் மருத்துவர் பார்வைப் பரப்பை அளந்து எழுதியிருக்க வேண்டும். காலை நேரத்துக் கார்டிசால், தைராய்டு, சோடியம் ஆகிய இரத்தப் பரிசோதனைகள் முடிந்திருக்க வேண்டும். உடல் நெருக்கடியைத் தாங்க உதவும் ஹார்மோனான கார்டிசால் குறைவாக இருந்தால் முதலில் அதற்கு மாற்று மருந்தான ஹைட்ரோகார்டிசோன், அதற்குப் பிறகே தைராய்டு மாத்திரை. இந்த வரிசை மாறினால் குழந்தை மயங்கிச் சரியும் அபாயம் உண்டு. ஹைட்ரோகார்டிசோன் தொடங்கியதும் சிறுநீர் திடீரெனப் பெருகுவதும் உண்டு. ஒளிந்திருந்த நீர்க்கட்டுப்பாட்டுக் குறை அப்போதுதான் வெளிப்படுகிறது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அதை நிறுத்திவிடக் கூடாது.

அறுவைக்குப் பிந்தைய இரண்டு வாரங்கள் மிகுந்த கவனம் வேண்டிய நாட்கள். சிறுநீரை அடக்கும் வாசோபிரசின் ஹார்மோன் முதல் சில நாட்கள் சுரக்காமல் லிட்டர் கணக்கில் சிறுநீர் போகும். பின்பு சேதமடைந்த நரம்பு முனைகளிலிருந்து அது ஒரேயடியாகக் கசிந்து சிறுநீர் குறையும், இரத்தத்தில் சோடியம் சரியும். அதன் பிறகு பலருக்கு நிரந்தரக் குறைபாடாக நிலைக்கும். எல்லாருக்கும் மூன்று கட்டமும் வருவதில்லை. ஆனால் இரண்டாம் கட்டத்தில், முதல் கட்டத்துக்கு எழுதிய, வாசோபிரசினுக்கு மாற்று மருந்தான டெஸ்மோபிரசினையே தொடர்ந்து கொடுத்துத் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்தால் சோடியம் விழுந்து வலிப்பு வரும். ஆகவே இந்த நாட்களில் ஒரு நாளைக்குப் பல முறை சோடியம் பார்க்கும் வசதி உள்ள இடத்தில்தான் குழந்தை இருக்க வேண்டும். அறுவை நன்றாக முடிந்தது என்ற மகிழ்ச்சியில் ஐந்தாம் நாளே ஊருக்கு அழைத்துக்கொண்டு வராதீர்கள்.

பிறகு வருவது ஆயுள் முழுவதுக்குமான கவனிப்பு. பெரும்பாலான குழந்தைகளுக்குக் கார்டிசால், தைராய்டு, வாசோபிரசின் ஆகியவற்றுக்கு மாற்று மருந்தும், வளர்ச்சி ஹார்மோனும், பருவ வயதில் பாலியல் ஹார்மோனும் தேவைப்படும். வளர்ச்சி ஹார்மோன் ஊசி கட்டியை மீண்டும் வளரச் செய்யும் என்ற அச்சம் ஊரெங்கும் இருக்கிறது. பல ஆண்டுக் கண்காணிப்பில் அதற்குச் சான்று கிடைக்கவில்லை. இவற்றுள் உயிரைக் காப்பது ஹைட்ரோகார்டிசோன். காய்ச்சல் வந்தால் அளவை இரண்டு மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் ஊசி போட வேண்டும்: மூன்று வயது முதல் பன்னிரண்டு வரை 50 மி.கி., அதற்கு மேல் 100 மி.கி. அஞ்செட்டியிலோ சித்தேரி மலையிலோ இருக்கும் குடும்பத்துக்கு இது மிக முக்கியம். பெரிய மருத்துவமனை தொலைவில் இருந்தாலும், ஹைட்ரோகார்டிசோன் ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்தின் அவசர மருந்துத் தட்டில் இருக்கும் மருந்துதான். நோயின் பெயரும் ஊசியின் அளவும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி மருத்துவர் கையெழுத்திட்ட அட்டை ஒன்றைக் குழந்தையின் பள்ளிப் பையில் வைத்துவிடுங்கள். இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு அது பெரும் துணை. டெஸ்மோபிரசின் அவ்வாறு எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. இரண்டு வாரத்துக்கான இருப்பு எப்போதும் வீட்டில் இருக்கட்டும். வகுப்பில் தண்ணீர் குடிக்கவும் வெளியே போகவும் கேட்காமலே அனுமதி வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. ஹைபோதலாமஸ் பாதிக்கப்பட்ட குழந்தைகள் முதல் ஓராண்டுக்குள்ளேயே வேகமாகப் பருக்கத் தொடங்குவார்கள். மொத்தத்தில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் வருகிறது. அவர்கள் மற்ற குழந்தைகளை விடக் குறைவாகச் சாப்பிட்டாலும் எடை ஏறலாம், ஏனெனில் உடல் செலவிடும் ஆற்றலே குறைந்துவிடுகிறது. திருட்டுத்தனமாகத் தின்கிறான் என்று அடிப்பதில் பயன் இல்லை. தின்பண்டத்தை வீட்டில் யாருக்கும் எட்டாமல் வைப்பது, வாராவாரம் எடை பார்ப்பது, மாலையில் ஓட விடுவது ஆகியவற்றை அறுவைக்கு முன்பே தொடங்கிவிட்டால் சற்றே பலன் இருக்கும்.

எங்கே போவது? தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் முதல் பரிசோதனைக்கும் பின்னாளைய கவனிப்புக்கும் பயன்படும். ஆனால் இந்த அறுவையை இத்தகைய கட்டிகளைத் தொடர்ந்து கையாளும் மையத்தில்தான் செய்ய வேண்டும். ஓசூர்ச் சாலையிலேயே இருக்கும் பெங்களூரு நிம்ஹான்ஸ், 1949இல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கிய வேலூர் சி.எம்.சி., சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை ஆகிய மூன்றும் நமக்கு எட்டும் தொலைவில் இருப்பது இந்த மாவட்டங்களுக்கு வாய்த்த நற்பேறு. நான் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் கட்டடத்தையோ பெயரையோ பார்க்க மாட்டேன். குழந்தைகளுக்கு இந்த அறுவையை ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறார்கள், ஹார்மோன் மருத்துவரும் கதிர்வீச்சு மருத்துவரும் அறுவைக்கு முன்பே ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்களா என்ற இரண்டையும் கேட்பேன். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். நீங்கள் போகும் மருத்துவமனையில், குறிப்பாகக் கர்நாடகத்தில், அந்த அட்டை செல்லுமா என்பதை ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் கேட்டுவிட்டே கிளம்புங்கள். ஸ்கேன் படங்களின் சி.டி.யைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். அறிக்கைத் தாளை மட்டும் வைத்து ஹைபோதலாமஸின் படியை யாரும் கணிக்க முடியாது.

இரண்டாம் கருத்துக்காக எவ்வளவு நாள் காத்திருக்கலாம் என்பது பார்வையைப் பொறுத்தது. பார்வை நிலையாக இருந்தால் இரண்டு மூன்று வாரம் செலவிடுவதில் தவறில்லை. நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே போனால் அந்த வாரமே சேர்க்க வேண்டும். விடியற்காலைத் தலைவலியோடு வாந்தி தொடர்ந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் உறங்கிக்கொண்டே இருந்தாலோ மூளைநீர் தேங்கியிருக்கக்கூடும். மறுநாள் பேருந்துக்குக் காத்திராமல் அன்றிரவே 108ஐ அழையுங்கள்.